தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும்

தாயம் ஆடி அறியாத தமிழ்க் குடும்பம் நம் தங்கவயலில் இல்லை என்றே சொல்லிவிடலாம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் சுரங்க வேலை நாடி வந்த நம் முன்னோர், பித்தளைத் தாயக்கட்டை வாங்க வசதியில்லாவிடினும், புளியங்கொட்டையை ஒரு புறம் தேய்த்துக்கொண்டு லைன் வீட்டுத் திண்ணையிலே கட்டம் கீறி ஆடினர். அவ்வாட்டத்தின் முதல் விதி யாவரும் அறிந்ததே. ஒன்று விழுந்தாலன்றிக் காய் கட்டத்தில் இறங்காது. அரை மணி நேரம் உருட்டியும் தாயம் விழாமல், மற்றவர் காய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே குந்தியிருக்கும் பிள்ளையின் முகத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். காய் இறங்கிய பின்னும், எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டினாலன்றி உள்கட்டத்திற்குள் நுழைய இயலாது என்று பல வீடுகளில் ஆடுவார்கள். வெட்டிய பிறகே வழி திறக்கும். அதன் பின்னரே பழம்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளில் ‘அன்லாக்’ என்று ஓயாது சொல்லக் கேட்கிறோமே, அது இவ்வுள்கட்டத்தின் வழித்தோன்றலேயாம். ஆட்டத்தின் ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கும். ஒரு நிலையை வென்றால் அடுத்த நிலை திறக்கும். இத்தனை காசு சேர்த்தால் புதிய ஓட்டக்காரன் கிடைப்பான். இன்ன காரியத்தைச் செய்து முடித்தால் புதிய சட்டை, புதிய வண்டி, புதிய துப்பாக்கி. ‘லெவல்’ என்னும் சொல்லும் நமக்குப் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை ஒவ்வொரு லெவலாக இறங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளல்லவா நாம்! 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அந்த லெவல்கள் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் திறவுகோல் எந்த ஆட்டத்திலும் இல்லை.

வீடியோ விளையாட்டின் வரலாற்றில் பூட்டிய அறைக்கு ஓர் அழகிய தொடக்கம் உண்டு. அமெரிக்காவின் அட்டாரி என்னும் நிறுவனம் 1970களின் இறுதியில் விளையாட்டுகளை உருவாக்கியோரின் பெயரை எங்கும் வெளியிடுவதில்லை. வாரன் ராபினெட் என்னும் இளைஞர் ‘அட்வெஞ்சர்’ என்ற ஆட்டத்தை ஆக்கியபோது, யாருக்கும் சொல்லாமல் அதனுள்ளே ஓர் இரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரை எழுதி வைத்துவிட்டார். கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, குறித்த இடத்திற்குச் சென்றால்தான் அவ்வறைக்குள் புக முடியும். ஆட்டத்தை வாங்கிய ஒரு சிறுவன் அதனைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பின்னரே நிறுவனத்தாருக்கே செய்தி தெரிந்தது. உழைத்தவன் பெயரை முதலாளி மறைத்தான். உழைத்தவன் அதைப் பூட்டி வைத்து, தேடி வருபவனுக்குக் காட்டினான். இத்தனை ஆழம் தோண்டிய நம்மவரில் எத்தனை பேருடைய பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கால், அந்த இளைஞர்மீது எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டாகிறது.

நிற்க. அக்காலத்துப் பூட்டுகள் திறமையாலோ பொறுமையாலோ திறந்தன. 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட மாரியோ ஆட்டத்தில், கூரைமேல் ஏறி ஓடிப் பார்த்த குறும்புக்காரப் பிள்ளைக்குப் பல நிலைகளைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி தென்பட்டது. அதற்காக எவரும் தனியே காசு கேட்கவில்லை. ஆட்டத்தை வாங்கியவனுக்கு அதனுள் இருந்ததெல்லாம் உரியது. கைப்பேசி வந்த பிறகு வியாபாரம் தலைகீழாயிற்று. ஆட்டம் இலவசம், பூட்டுக்குத்தான் விலை.

விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காருப்பேட்டை வழியே பெங்களூர் செல்லும் வண்டியை நம் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சுரங்கம் மூடிய நாள் முதல் ஆயிரக்கணக்கான நம்மவரின் பிழைப்பு அவ்வண்டியில்தான் ஓடுகிறது. போக இரண்டு மணி நேரத்திற்கு மேல், வரவும் அவ்வளவே. முன்பு மடியில் துண்டை விரித்துச் சீட்டாடுவோரைக் காணலாம். இன்று தலை குனிந்து மிட்டாய்களை வரிசையாக அடுக்குவோரே மிகுதி. ‘கேண்டி கிரஷ்’ என்னும் அவ்வாட்டம் 2012இல் வெளிவந்தது. அதில் ஐந்து உயிர்கள். தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறாதவன் காசு கொடுத்து உடனே வாங்கலாம். தொடக்க ஆண்டுகளில், அடுத்த பகுதி திறப்பதற்கு மூன்று நண்பர்களிடம் சீட்டு இரந்து பெற வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும். முதலில் நம்மைக் காத்திருக்கச் செய்து, பிறகு அந்தக் காத்திருப்பிலிருந்து விடுதலையை நமக்கே விற்பது என்ன வியாபாரம், பாருங்கள்! தாயம் விழவில்லை என்பதற்காக நம் பாட்டி நாலணா வாங்கிக்கொண்டு காயை இறக்கி விட்டதுண்டா?

எனினும், நாள் முழுதும் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர் பங்காருப்பேட்டை வரும்வரை மிட்டாய் அடுக்குவதை நான் குறை கூறேன். வண்டி நின்றால் ஆட்டமும் நிற்கிறது. கவலை வேறிடத்தில் இருக்கிறது.

விலை நிச்சயமாகத் தெரிந்த பூட்டு ஒருவகை. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பெட்டி மற்றொரு வகை. ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் இப்பெட்டியைப் பணம் கொடுத்துத் திறந்தால் அரிய பொருளும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். நம் பிள்ளைகள் நன்கறிந்த ஃப்ரீ ஃபயரில், டைமண்டு என்னும் காசைச் செலுத்திச் சக்கரம் சுழற்றுவதும் இவ்வினமே. (அவ்வாட்டம் 2022 பிப்ரவரியில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆயினும் ‘மேக்ஸ்’ என்ற அதன் உடன்பிறப்பு தொடர்ந்து ஓடியது.) பெட்டியின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது? ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு விடை கூறும். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால், தானியம் நின்றதும் புறா விரைவில் ஓய்ந்துவிடுகிறது. எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தாலோ, அது ஓயாமல் கொத்துகிறது. தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்துகிறது. பெட்டி திறக்கும் சிறுவனின் விரல் அப்புறாவின் அலகே.

மேனாட்டாரும் இதனை எதிர்த்து எழுந்ததுண்டு. 2017இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டமொன்றில், முழு விலை கொடுத்து வாங்கியோரும் டார்த் வேடர் என்னும் புகழ்பெற்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குச் சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்கிட்டுக் கொதித்தெழுந்தனர். நிறுவனம் 60,000த்தை 15,000மாகக் குறைத்தது. ஆட்டத்தினுள்ளே பணம் வாங்குவதையும் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், இத்தகைய பெட்டிகளுக்குப் பணம் பெறுவது சூதாட்டச் சட்டத்திற்கு முரணானது என்று அறிவித்தது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ரம்மி போன்ற ஆட்டங்களே அதன் முதன்மையான இலக்கு. பிள்ளை தன் பொம்மை வீரனுக்குச் சட்டை வாங்கித் தகப்பனார் கணக்கைக் காலி செய்வதை வீட்டார்தாம் கவனிக்க வேண்டும். தகப்பனாரோ விடியுமுன் வண்டி ஏறி, பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்புகிறார். தாயாரும் பல வீடுகளில் அதே வண்டியில்தான். கைப்பேசி பாட்டியிடம் இருக்கிறது. இரகசிய எண்ணோ பேரனுக்கு மனப்பாடம்.

ஆகவே சில செயல்களை இன்றே செய்யலாம். யு.பி.ஐ. எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பதை நிறுத்தி, அதனை மாற்றிவிட வேண்டும். கைப்பேசியின் பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்க வசதியுண்டு. ‘இலவச டைமண்டு தருகிறோம், இந்த எண்ணை அழுத்துங்கள்’ என்று வரும் செய்திகள் பெரும்பாலும் கள்வர் வலையே. பணம் பெறுவதற்கு இரகசிய எண் எப்போதும் தேவைப்படாது, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணிற்கு அறிவித்தல் வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்புக் குறையும்.

பணத்தினும் பெரிய இழப்பும் உண்டு. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, உணவு உறக்கம் படிப்பு எல்லாவற்றிலும் அதனையே முன் வைத்தல், தீங்கு வந்த பின்னும் தொடர்தல் ஆகியவை வழக்கமாக ஓராண்டளவு நீடித்தால், உலக சுகாதார நிறுவனம் அதனை ஒரு நோய் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 2022 முதல் அவ்வகைப்பாடு நடைமுறையில் உள்ளது. நன்கு ஆடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி என்று இதற்குப் பொருளன்று. ஐயம் உள்ளோர்க்கு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் இதற்கெனவே ‘ஷட்’ என்னும் தனிப் பிரிவைத் தொடங்கியது. நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்பும் நம்மவர்க்கு அது எட்டாத இடமன்று. ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லலாம்.