பல்கலைக்கழக நூலகம்: திறந்த கதவு எது, பூட்டிய கதவு எது?

பல்கலைக்கழக நூலகம் என்றால் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு.

பெரிய கட்டிடம். வாசலில் காவலாளி. உள்ளே போக அடையாள அட்டை. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று எண்ணி, 20 ஆண்டுகள் அந்த வழியாகவே பஸ்சில் வேலைக்குப் போய் வந்தும் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள்.

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். சொந்த ஊரில் கிளை நூலகமாவது பக்கத்தில் இருந்தது. இங்கே தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்றால் தமிழ்ச் சங்கத்தைத் தேடிப் போக வேண்டும்.

ஆனால் கடந்த 15, 20 ஆண்டுகளில் ஒரு மாறுதல் நடந்திருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தின் ஒரு பகுதி சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. கையில் இருக்கும் செல்போனிலேயே அதைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

இன்னொரு பகுதி இன்னும் பூட்டியே இருக்கிறது. எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதியில் விட்ட படிப்பைத் தொடரலாம். இலாகா பரீட்சைக்குத் தயார் செய்யலாம். பிள்ளைகளுக்கும் வழி காட்டலாம்.

சீர்காழிக்காரர் செய்த மாறுதல்

இந்தியாவில் பல்கலைக்கழக நூலகத்தின் பூட்டைத் தளர்த்தியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். அவர்தான் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் கணக்கு ஆசிரியராக இருந்தார். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். சம்பளம் கூடுதல் என்றாலும் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், "வகுப்பறைக்கே திரும்பி வருகிறேன்" என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

லண்டனில் பொது நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. கடைக்காரரும் தொழிலாளியும் நூலகத்துக்கு வந்து புத்தகம் எடுத்துப்போவதை அங்கே கண்டார். திரும்பி வந்ததும், வாசகர்களே அலமாரி வரை போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்ற முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில், வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே பல நூலகங்களில் வழக்கம்.

1931-ம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு 5 விதிகளை வகுத்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். வாசகருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது இன்னொன்று.

ரங்கநாதனும் வெளிமாநிலத்தில் உழைத்த தமிழர்தான். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பிறகு பெங்களூரில் குடியேறினார். 1962-ம் ஆண்டு அங்கே நூலக அறிவியலுக்கென ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். 1972-ம் ஆண்டு அங்கேயே காலமானார். அவர் நினைவாக ஆகஸ்டு 12-ந் தேதி நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அட்டைப் பெட்டி போயிற்று

பழைய நூலகங்களில் நுழைந்தவுடன் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட மரப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு இழுப்பறையிலும் நூற்றுக்கணக்கான அட்டைகள், கம்பியில் கோத்திருக்கும். ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, புத்தகத்தின் பெயரில் ஓர் அட்டை, பொருளின் பெயரில் ஓர் அட்டை என்று இருக்கும். அட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. காந்திநகரில் இயங்கும் 'இன்ப்லிப்நெட்' என்ற மையம் பல்கலைக்கழக நூலகங்களுக்காக 'சோல்' என்ற மென்பொருளை உருவாக்கியது. நியூசிலாந்தில் உருவான 'கோஹா' என்ற இலவச மென்பொருளையும் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. கோஹா என்றால் அந்நாட்டுப் பழங்குடிகளான மவோரி மக்களின் மொழியில் அன்பளிப்பு என்று பொருள்.

இதனால் வெளியாருக்கு என்ன லாபம்? பல பல்கலைக்கழகங்களின் புத்தகப் பட்டியலை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். தேவையான புத்தகம் அங்கே இருக்கிறதா, இரவல் போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

உள்ளே உட்கார்ந்து படிக்க வெளியாருக்கு அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். நூலகருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதே நல்லது. எந்தப் புத்தகம், எதற்காக என்று எழுதி, பட்டியலில் உள்ள எண்ணையும் குறித்தால் நூலகருக்கும் பதில் சொல்வது எளிது.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் இலவசம்

டாக்டர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆராய்ச்சி ஏடுகள் ஒரு காலத்தில் யார் கண்ணிலும் படாது. தட்டச்சு செய்து, பைண்டு செய்த பிரதி பல்கலைக்கழக நூலகத்தின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதைப் படிக்க ரெயில் ஏறி அந்த ஊருக்கே போக வேண்டும்.

2009-ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி செய்தது. அதன்படி ஆராய்ச்சி ஏட்டின் மின் பிரதியையும் கொடுக்க வேண்டும். இன்ப்லிப்நெட் மையம் அவற்றைத் திரட்டி 'ஷோத்கங்கா' என்ற பெயரில் வைத்திருக்கிறது. 'ஷோத்' என்றால் ஆராய்ச்சி. லட்சக்கணக்கான ஏடுகள் அதில் உள்ளன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை.

ஆலைத் தொழிலாளர், வட்டார வழக்கு, சொந்த மாவட்டத்தின் வரலாறு என்று எதைப் பற்றியும் தேடிப் பார்க்கலாம்.

காரக்பூரின் பெரிய பட்டியல்

மேற்கு வங்காளத்தில் உள்ள காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துவது 'தேசிய மின் நூலகம்'. 2018-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி இது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பள்ளிப் பாடப் புத்தகம் முதல் ஆராய்ச்சி நூல் வரை, பல நிறுவனங்கள் வைத்திருப்பவற்றை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. போட்டித் தேர்வுகளின் பழைய வினாத்தாள்களும் இதில் கிடைக்கும். யாரும் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். செல்போன் செயலியும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இது பெரும்பாலும் வழிகாட்டும் பட்டியல். தேடும்போது வரும் எல்லாமே திறக்காது. சில, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும்.

வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. தலைமை இடம் டெல்லி. வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்களுக்கு இதன் பெயர் பழக்கமானது. இதன் பாடப் புத்தகங்கள் 'இ-ஞான்கோஷ்' என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. சேராதவர்களும் படிக்கலாம். எனவே, பணம் கட்டிச் சேருவதற்கு முன்பே பாடம் எப்படி இருக்கிறது, தன்னால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' வகுப்புகளையும், மத்திய அரசு 2017-ம் ஆண்டு தொடங்கிய 'ஸ்வயம்' வகுப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு, தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களையும் மனதில் கொண்டே இந்த அமைப்பு உருவாக்கப்பட்டது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள், பழைய இதழ்கள் அங்கே கிடைக்கின்றன. பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படிக்கவும் பாடங்கள் இருக்கின்றன.

பூட்டிய கதவு

இனி பூட்டிய பகுதியைப் பார்ப்போம்.

மருத்துவம், பொறியியல், சட்டம், பொருளாதாரம் ஆகியவற்றில் புதிய கண்டுபிடிப்புகள் முதலில் வருவது ஆராய்ச்சி இதழ்களில். அவற்றை வெளியிடும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டைச் சேர்ந்தவை. சந்தா மிக அதிகம். சிறிய ஊர்க் கல்லூரிகளால் கட்ட முடியாது.

இதற்காக மத்திய அரசு 2024-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் சந்தா கட்டாமல், நாட்டுக்கே சேர்த்து ஒரே சந்தா கட்டுவது என்று முடிவாயிற்று. 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு ரூ.6 ஆயிரம் கோடி. 30 பதிப்பாளர்களின் சுமார் 13 ஆயிரம் இதழ்கள் இதில் அடங்கும். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. பயன் பெறுபவர்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் என்று அரசு அறிவித்தது. கணக்குப் போட்டால், ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.1,100 அளவுக்கு வருகிறது.

முன்பு இந்த இதழ்களைப் படிக்கக் கல்லூரி வளாகத்துக்கே போக வேண்டும். வளாகத்தின் இணைய இணைப்புக்கு உள்ள எண்ணைப் பார்த்துத்தான் பதிப்பாளரின் கம்ப்யூட்டர் கதவைத் திறக்கும். இப்போது நிறுவனம் கொடுக்கும் பெயரும் ரகசியச் சொல்லும் இருந்தால் வீட்டிலிருந்தும் படிக்க முடிகிறது. அரசுக் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், இந்த வசதியை வாங்கிக்கொண்டார்களா என்று கேட்பது பெற்றோரின் கடமை. பெயர் பட்டியலில் இருந்தும் பயன்படுத்தாத மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தனியார் கல்லூரி மாணவருக்கு இந்த முதல் கட்டத்தில் இடம் இல்லை. அப்படியே, எந்தக் கல்லூரியிலும் பெயர் இல்லாத குமாஸ்தாவுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இடம் இல்லை. தன் தொழிலால் வரும் நோயைப் பற்றி ஒரு தொழிலாளி படித்துத் தெரிந்துகொள்ள விரும்பினால், அவருக்குக் கதவு பூட்டியே இருக்கிறது. அந்தச் சந்தாவில் அவர் கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது.

சிக்கல்கள் உண்டு

திறந்த கதவிலும் தடைகள் இல்லாமல் இல்லை. முதல் தடை மொழி. ஆராய்ச்சி ஏடுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டாவது, செல்போன் திரை. 300 பக்க ஏட்டை அதில் படித்தால் கண் வலிக்கும். மூன்றாவது, இடம். ஒரே அறையில் 4 பேர் தங்கியிருக்கும் இடத்தில் அமைதியாகப் படிப்பது கஷ்டம். தமிழ்ச் சங்கங்கள் ஒரு கம்ப்யூட்டரும், ஒரு மேஜையும், மாலையில் 2 மணி நேரமும் ஒதுக்கினால் பலருக்கு உதவியாக இருக்கும். அங்கே கல்லூரி மாணவர் ஒருவர் உட்கார்ந்து தேடிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. ஷோத்கங்கா, இ-ஞான்கோஷ், தேசிய மின் நூலகம் ஆகியவற்றில் உறுப்பினராகப் பணம் கட்ட வேண்டியதில்லை. "பணம் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது செல்போனில் சொன்னால் நம்ப வேண்டாம்.

2027-க்குப் பிறகு?

ஒரே சந்தா திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 2027-ம் ஆண்டு வரைக்கும்தான். அதன் பிறகு திட்டம் நீடிக்குமா, நீடித்தால் யாரைச் சேர்ப்பது என்பதை அரசு முடிவு செய்ய வேண்டும். பொது நூலகங்களையும் சேர்த்துவிட்டால், உறுப்பினர் சீட்டு வைத்திருக்கும் எவரும் நகர நூலகத்தில் உட்கார்ந்து இந்த இதழ்களைப் படிக்கலாம்.

புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று ரங்கநாதன் சொன்னபோது, பல்கலைக்கழகத்தில் பெயர் உள்ளவர் என்று அவர் பிரித்துப் பேசவில்லை. வாசகர் என்றுதான் பேசினார். வரி கட்டுகிற, படிக்க விரும்புகிற தொழிலாளியும் வாசகர்தான். திறந்திருக்கும் கதவுகளில் ஆட்கள் நுழைந்து பயன்படுத்தத் தொடங்கினால்தான், பூட்டியிருக்கும் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் குரலுக்கும் பலம் இருக்கும்.