தட்டி எடுப்பதா, மாற்றுவதா?

பாடசாலை விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். சந்தியில் முச்சக்கர வண்டியொன்று குறுக்கே வந்து உங்கள் காரில் மோதிவிடுகிறது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால் காரின் பக்கம் நசுங்கிவிட்டது. கணவரோ வெளிநாட்டில். மறுநாள் கராஜுக்குப் போனால் டிங்கர் பாஸ், "தட்டி எடுத்துவிடலாம்" என்கிறார். அடுத்த கராஜில், "மாற்றத்தான் வேண்டும்" என்கிறார்கள். இருவரும் சொல்லும் தொகைக்கிடையே பெரிய வித்தியாசம். யாரை நம்புவது?

இதைத் தீர்மானிக்க நீங்கள் டிங்கரிங் வேலை கற்றிருக்கத் தேவையில்லை, சகோதரிகளே. மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, அடிபட்ட பாகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? முன் மட்காட், பொனட், கதவுகள், டிக்கி மூடி ஆகியவை பெரும்பாலான கார்களில் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். ஆனால் பின் சில்லுக்கு மேலுள்ள பக்கத் தகடும் கூரையும் காரின் உடம்போடு வெல்டிங் செய்யப்பட்டவை. இவற்றை மாற்றுவதென்றால் அறுத்தெடுத்து மீண்டும் வெல்டிங் செய்ய வேண்டும். தொழிற்சாலையில் இட்ட துருத் தடுப்புப் பூச்சு அந்த இடத்தில் எரிந்து போகும். திரும்பவும் ஒழுங்காகப் பூசாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னத் தொடங்கும். கார் வாங்க வருபவரும் அறுத்து ஒட்டிய அடையாளத்தைக் கண்டால் விலையைக் குறைப்பார். ஆகவே ஒரே அளவான நசுக்கம் முன் மட்காட்டில் இருந்தால் மாற்றுவது இலாபமாகலாம். பின் பக்கத்தில் இருந்தால் தட்டி எடுப்பதே புத்தி.

இரண்டாவது, தகட்டுக்கு என்ன நேர்ந்திருக்கிறது? காரின் வெளித் தகடு 1 மில்லிமீற்றரை விடவும் மெல்லியது. பெயின்ட் வெடிக்காமல் வட்டமாகக் குழி விழுந்திருந்தால், பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளியே எடுத்துவிடலாம். பெயின்ட் செலவும் மிச்சம். கூர்மையாக மடிந்திருந்தால், அல்லது ஓரத்தில் அடிபட்டிருந்தால் தகடு இழுபட்டிருக்கும். அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது கடினம். கிழிந்துவிட்டாலோ, துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ தட்டிப் பயனில்லை. கதவென்றால் இன்னொன்றையும் கேளுங்கள். பக்கவாட்டு மோதலைத் தாங்கவென்று அநேக கார்க் கதவுகளுக்குள் ஒரு பலமான இரும்புச் சட்டம் உண்டு. அது வளைந்திருந்தால் நிமிர்த்திப் போடக்கூடாது. பின் ஆசனத்தில் அமர்வது உங்கள் பிள்ளைகள் அல்லவா?

மூன்றாவது, எவ்வளவு புட்டி பூசப் போகிறார்கள்? சமப்படுத்துவதற்கு மெல்லிய பூச்சுத் தேவைதான். ஆனால் தகட்டை நிமிர்த்தாமல் புட்டியாலேயே குழியை நிரப்பினால், சில மாதங்களில் வெடிக்கலாம், கழன்றும் விழலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தமொன்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வேறிடத்தில் இறுகப் பிடிக்கும் காந்தம், வேலை செய்த இடத்தில் வழுக்கி விழுந்தால் உள்ளே புட்டி தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியப் பொனட்டிலும் இந்தச் சோதனை செல்லாது.

மாற்றுவதென்று முடிவெடுத்தால், பாவித்த ஜப்பான் பாகங்களைப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். அதே மொடல்தானா, ஓரங்களில் துரு உண்டா, முன்பே புட்டி பூசியதா என்று பாருங்கள். நிறம் ஒன்றுபோல் தெரிந்தாலும் பூட்டிய பின் வெயிலில் வித்தியாசம் காட்டும். ஆகவே பாகத்தின் விலையோடு பெயின்ட் கூலி, பூட்டும் கூலி எல்லாவற்றையும் கூட்டித்தான் தட்டும் செலவோடு ஒப்பிட வேண்டும்.

முழுக் காப்புறுதி இருந்தால், எதையும் கழற்றுமுன் படமெடுத்து நிறுவனத்துக்கு அறிவியுங்கள். சிறிய தொகையென்றால், கோரிக்கை விடுவதால் அடுத்த வருடக் கழிவை இழப்பீர்களா என்றும் கேட்டறியுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றியதாகச் சொல்லித் தட்டிக் கொடுப்பவர்களும் இல்லாமலில்லை.

நசுக்கம் எவ்வளவு பெரிது என்று பார்த்துப் பதறாதீர்கள். அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைக் கேட்கத் தெரிந்த பெண்ணிடம் எந்தக் கராஜிலும் கொஞ்சம் யோசித்துத்தான் விலை சொல்வார்கள்.