கொல்லிமலைக் குழந்தைக்கு எந்தத் தாள் காவல்?

2019 ஏப்ரல் கடைசியில் ஓர் ஒலிப்பதிவு தமிழ்நாடு முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றியது. அரசு மருத்துவமனை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற ராசிபுரத்துப் பெண் ஒருவர், பிள்ளை கேட்டவரிடம் ஆண் குழந்தை என்ன விலை, பெண் குழந்தை என்ன விலை, நிறமாக இருந்தால் எவ்வளவு கூடும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். அடுத்த சில நாட்களில் அவரும் அவர் கணவரும் கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் உட்படப் பலர் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. கொல்லிமலையில் பதிவான பிறப்புகளை அதிகாரிகள் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த வியாபாரத்தைத் தாங்கி நின்றது ஒரு தாள்: பெற்றவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாங்கியவள் பெயர் ஏறிய சான்றிதழ். குழந்தையைக் காக்கும் தாளும் சட்டத்தில் இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவோ நீதித்துறை நடுவரோ பிறப்பிக்கும் உத்தரவு அது. அதற்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. மலையில் பல வீடுகளுக்கு இந்த வழி தெரியாததால் புரோக்கர் முந்திக்கொள்கிறார்.

யாருக்கு இந்தப் பாதுகாப்பு?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாத அனைவரும் குழந்தைகளே. பெற்றோர் இல்லாதவர், கைவிடப்பட்டவர் மட்டுமல்ல; கடத்தப்படும் ஆபத்தில் இருப்பவர், சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு அனுப்பப்பட்டவர், திருமண வயது வருவதற்குள் கல்யாணம் நிச்சயமானவர், வீட்டிலேயே வதைபடுபவர் எல்லோரும் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். மிளகு பறிக்கப் பெற்றோர் மலையிறங்கிப் போனபின், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தவிக்கும் பிள்ளையும் இதில் சேரும்.

குழு என்ன செய்யும்?

மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். உறுப்பினர்களில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அமர்வுக்குரிய அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. போலீஸ், செவிலியர், மருத்துவர், சமூக ஆர்வலர், அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவரலாம். குழந்தை தானாகவே வரலாம். 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நாமக்கல் வரும் பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. குழு கூடாத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும்.

சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள் வர வேண்டும். “கூப்பிட்டால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்ற பயம் மலையில் உண்டு. சட்டத்தின் நோக்கம் அதற்கு நேர்மாறானது. முடிந்தவரை குழந்தை தன் குடும்பத்தில் வளர வேண்டும், இல்லம் என்பது கடைசி வழி என்பதே அதன் அடிப்படை. பெற்றோரிடமே திருப்பி ஒப்படைக்கவும், உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திலோ விடவும், நிதி ஆதரவுக்கு வழி செய்யவும் குழு உத்தரவிடலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும்.

வளர்க்க முடியவில்லை என்றால்

மூன்றாவது பெண், கணவன் இல்லை, கல்யாணமாகாத தாய் என்று காரணம் எதுவானாலும், குழந்தையை விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் நேர்வழி உண்டு. பெற்றவர் குழுவின் முன் சென்று ஒப்படைக்கலாம். குழு ஆலோசனை சொல்லும், பத்திரம் எழுதும். அதன்பின் இரண்டு மாத அவகாசம். அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். சூழ்நிலையால் கைவிட நேர்ந்த பெற்றோர்மேல் தண்டனைப் பிரிவு பாயாது. வளர்க்க முடியாத குழந்தையை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டமும் 1992இல், நாமக்கல் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது.

அவகாசம் முடிந்தபின் குழந்தை தத்துக்குத் தகுதி பெற்றதெனக் குழு அறிவிக்கும். தத்து வேண்டுவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவு வழியே வர வேண்டும். 2022 செப்டம்பர் முதல் இந்தச் சட்டத்தின்கீழ் தத்து உத்தரவு போடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர்.

பணம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் அது தத்து அல்ல, விற்பனை. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் போல, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரே செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகர் ஒருவரும் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் கைதானார்கள். கொல்லிமலையில் வெளியான வழி மாவட்டத்தின் வேறு மூலையிலும் திறந்தே இருந்தது.

கல்யாணத்தை நிறுத்தும் உத்தரவு

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகவில்லை என்றால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குழந்தைத் திருமணம். நடக்கப்போகிறது என்று தெரிந்தால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போடலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மனுச் செய்யலாம். தகவல் தெரிந்த எவரும் புகார் கொடுக்கலாம். நம்பத் தகுந்த செய்தி கிடைத்தால் நடுவர் தாமாகவே முன்வரலாம். அவசரம் என்றால் மறுதரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாமலே இடைக்காலத் தடை வரும்.

அந்தத் தடையை மீறிக் கட்டிய தாலி சட்டத்தில் தொடக்கம் முதலே செல்லாது. மீறியவருக்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தடை வாங்காமல் நடந்துவிட்ட திருமணம் தானாக ரத்தாகாது. அந்தப் பெண் தன் 20 வயதுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் ரத்துக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்யும் ஒரு போன், பின்னால் வரும் வழக்கு அலைச்சலை மிச்சப்படுத்தும். இத்தகைய தடை உத்தரவுகளை நடுவர்கள் முனைந்து பிறப்பிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 தீர்ப்பில் வலியுறுத்தியது.

உத்தரவு சரியில்லை என்று பட்டால்

குழுவின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புக் குடும்பம், நிதி ஆதரவு சார்ந்த முடிவுகளுக்கு மாவட்ட ஆட்சியரை அணுக வேண்டும். பட்டியல் பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆகவே கொல்லிமலையின் எந்த மலையாளிப் பழங்குடிக் குடும்பமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

யாரைக் கூப்பிடுவது?

குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆதாரம் கையில் இருந்தால்தான் பேச வேண்டும் என்பதில்லை; சந்தேகம் போதும். எந்த நாடு (மலையின் ஊர்த் தொகுதி), எந்த ஊர், யார் வீடு, குழந்தைக்குச் சுமார் என்ன வயது, என்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தராவிட்டால் அதுவே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சட்டம் அதையும் தடுக்கிறது.

பிரசவமானதும் பிறப்புப் பதிவில் தாய் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று வீட்டார் படித்துப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ காட்டலாம். குழந்தையைக் கைமாற்றச் சொல்லி யாராவது தாளை நீட்டினால், இது யார் போட்ட உத்தரவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாமல் 1098ஐ அழையுங்கள்.