பாட்டு வந்த வழி – 9: உலக்கை பிடிச்ச வீடு

போன வாரம் ஆண்டாளின் நந்தவனத்தில் நின்றோம். இந்த வாரம் எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் மலையைத் தாண்டிப் போகவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மொட்டைமாடியில் ஏறி மேற்கே திரும்பினால் மலைதான். அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று சின்ன வயதில் கேட்டால், "கேரளா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பாதி உண்மை. ஏறி இறங்கினால் வருசநாடு, பிறகு மேகமலை, அதற்கும் கீழே கம்பம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் பண்ணைப்புரம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தபோது இரண்டு பக்கத்துக் காடும் ஒரே பெயருக்குள் வந்தது. என் வீட்டுக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் 1976லேயே வந்துவிட்டது.

அந்த வருஷம் மே மாதம் 'அன்னக்கிளி' படம் வெளியானது. ஆவணியில் சித்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் மில் வேலை. ஊரில் ரைஸ் மில் வந்து வருஷக்கணக்காகியும், கல்யாணப் பலகாரத்துக்கு மட்டும் அம்மாச்சி மில் பக்கம் போகமாட்டாள். கொல்லையில் உரல், இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஆளுக்கொரு உலக்கை. ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். இறங்கும் நேரத்தில் வாயிலிருந்து "உஸ்" என்று ஒரு மூச்சு. உரலைச் சுற்றிச் சிதறுவதைக் காலாலேயே கூட்டி உள்ளே தள்ளிவிட்டு, கை நிற்காமல் இடிப்பார்கள். ஒருத்தி அரை நொடி பிந்தினால் பூணும் பூணும் மோதி 'ணங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் வராமல் காப்பது பாட்டு.

பக்கத்து வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி. 'அன்னக்கிளி' படத்தில் கல்யாண வீட்டுக்காக நெல் குத்தும் பாட்டு ஒன்று உண்டு, எஸ். ஜானகி பாடியது. அது வந்ததும் அம்மாச்சி உலக்கையை உரலுக்குள்ளேயே நிறுத்திவிட்டாள். முழுக்கக் கேட்டாள்.

"யாருடா இது போட்டது?"

"யாரோ புது ஆளாம் அம்மாச்சி. இளையராஜாவாம்."

"புது ஆளா இருக்கட்டும். உலக்கை பிடிச்ச வீட்டுப் பிள்ளைடா."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று புரிய நிறைய வருஷம் ஆனது.

'அன்னக்கிளி'க்கு முன்னால் தமிழ் சினிமாவில் கிராமத்துப் பாட்டே இல்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. கே.வி. மகாதேவனும் விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் அருமையான கிராமத்துப் பாட்டுகளைத் தந்தவர்கள். நான் சொல்ல வருவது வேறு. வேலைப்பாட்டில் அடி நீளத்தை முடிவு செய்வது மூச்சு. உலக்கை ஏறி இறங்குவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் ஒரு அடி. நாற்று நடும்போது முதுகு வளைந்திருக்கும், மூச்சு அடியில் கிடக்கும், அதனால் ராகம் இழுபடும். தொட்டில் பாட்டுக்குக் கயிற்றின் வீச்சு கணக்கு. இதை யாரும் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் கற்பதில்லை. அம்மா வேலை செய்யும்போது பக்கத்தில் கிடந்தால் போதும்.

இளையராஜா அப்படிக் கிடந்த பிள்ளை. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அம்மா சின்னத்தாய் பாடிய பாட்டுகள்தான் தன் இசைக்கு அடி என்று அவர் எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார். பிறகு அண்ணன் பாவலர் வரதராசனின் குழு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடிய காலத்தில், தம்பி இன்னும் சின்னப் பையன். ஊர் ஊராகப் போன அந்த மேடைகளுக்குப் பின்தான் சென்னை: தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, கிடார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. நண்பர் ஆர். செல்வராஜ் கூட்டிப்போய் பாடலாசிரியர் பஞ்சு அருணாசலத்தின் முன்னால் நிறுத்துகிறார். கையில் வாத்தியம் இல்லை. மேசையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டுகிறார். பஞ்சு அந்தப் பாட்டுகளை நம்பினார். அந்த மேசைத் தட்டுக்குப் பொருத்தமான கிராமத்துக் கதையாக, செல்வராஜின் கதையில், தேவராஜ்–மோகன் இயக்கத்தில் அமைந்த படம் 'அன்னக்கிளி'.

அதன் இசைத்தட்டை இன்றைக்கும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மேலே வயலினும் கிடாரும் எவ்வளவோ நுணுக்கமாகப் போகின்றன. அடியில் மூச்சின் அளவு மட்டும் மாறவில்லை. சென்னையில் படித்ததையெல்லாம் அந்தத் தாளத்தின் மேல் கட்டினார். தாளத்தை இழுத்து மாற்றிப் படிப்புக்குப் பொருத்தவில்லை. ஜானகிக்கு ஊர் ஆந்திரம். ஆனாலும் அந்தக் குரல் எங்கள் கொல்லையில் நின்றது. அம்மாச்சியின் காது பிடித்தது இதைத்தான்.

பிறந்த வீட்டை இசைத்தட்டுக்குள் கொண்டுவரும் இதே காரியத்தை, இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெண் வேறு விதமாகச் செய்தார். டாலி பார்ட்டன். டென்னசி மாநிலத்து மலையடிவாரத்தில், 1946இல், 12 பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர். அவரைப் பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. 1973இல் வந்த 'மை டென்னசி மவுண்டன் ஹோம்' என்ற இசைத்தட்டு முழுக்க அந்தப் பிள்ளைப்பருவம்தான். அட்டையில் அவர் குடும்பம் இருந்த மர வீட்டின் படம். தட்டு சுற்றத் தொடங்கியதும் முதலில் பாட்டு வராது. 1964இல் நாஷ்வில் நகரத்துக்குப் பிழைக்கப் போன புதிதில் அம்மா அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். அந்த டாக்டருக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. அங்கே இந்த வகைக்குக் கன்ட்ரி மியூசிக் என்று பெயர். நம் வாயில் நாட்டுப்பாட்டு.

டாலி தன் வீடு, தன் அம்மா என்று பெயர் சொல்லிப் பாடினார். அவருக்கு அந்த வசதி இருந்தது. பாடுகிறவரும் எழுதுகிறவரும் அவரே. ராஜாவுக்குக் கிடைத்தது சினிமா. வரிகள் பஞ்சுவுடையவை, முகம் நடிகை சுஜாதாவுடையது, குரல் ஜானகியுடையது. சின்னத்தாயின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. ஆனாலும் அவர் பாட்டு அதில் இருக்கிறது என்று மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவி, ரேடியோவில் ஒரே தடவை கேட்டுச் சொல்லிவிட்டாள். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு 'அன்னக்கிளி'யே பெரிய காரியமாகப் படுகிறது.

2024 டிசம்பர் 15ஆம் தேதி ராஜா எங்கள் ஊருக்கே வந்தார். ஆண்டாள் கோயிலில் அவர் இசையமைத்த திவ்ய பாசுர நிகழ்ச்சி. மறுநாள் நாடெல்லாம் அவரை அர்த்த மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பேச்சு. அர்ச்சகர்கள், மடாதிபதிகள் போன்றவர்கள் தவிர யாரும் உள்ளே போகும் வழக்கமில்லை என்றது கோயில் தரப்பு. பரவுவது வதந்தி என்று அவரே எழுதினார். எனக்கு ஆறாதது ஒன்றுதான். பண்ணைப்புரத்துத் தாய் மடியில் தாளம் கற்ற ஒருவர், சிறுபெண்கள் விடியலில் பாடுவதாகப் பாட்டுக் கட்டிய ஆண்டாளின் வாசலில் இசை வைத்திருக்கிறார். அந்த இசையைப் பற்றி நாலு வரி எழுத ஆளில்லாமல் போயிற்று. இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம்.

அம்மாச்சிக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் இளையராஜாவைப் பற்றி வந்திருந்தது. பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்த செய்தி.

"நானூறும் குடுத்திட்டாளா?"

"முழுசும் குடுத்திட்டாங்க அம்மாச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மடியில் கிடந்த சுளகில் விரலால் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ வீட்ல பாட்டுக் கேக்கிறதுக்கு என்ன செஞ்சிருப்பா?" என்று தனக்குத்தானே கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "பாடியிருப்பா."

(தொடரும்)