அணைந்தும் அணையாத கணினி

திரை இருண்டுவிட்டது. கடைசியாக ‘பவர் டவுன்’ என்று ஒரு வரி மின்னி மறைந்ததும் உண்மை. ஆனால் பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, முகப்பில் விளக்கும் எரிகிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டுகிறார்கள். பழைய கணினியில் லினக்ஸ் போட்டவர்கள் பலருக்கு இது பழகிப்போன காட்சி.

இப்படிப் பழகியவர்களின் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் பழைய பெட்டிகளில் இல்லை. தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் என்று ஏதாவது ஒன்றை ஏற்றிப் பார்க்கிறார்கள். இணையம் வருகிறது, பாட்டுப் பாடுகிறது, பிரிண்டர்கூட வேலை செய்கிறது. அணைக்கும்போதுதான் தகராறு.

அணைப்பது என்பது ஒரே செயல் அல்ல என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கல்யாண மண்டபத்தை மூடுகிற வேலையோடு இதை ஒப்பிடலாம். முதலில் விருந்தாளிகளை வழியனுப்ப வேண்டும். அடுத்து பாத்திரங்களை எண்ணி அடுக்கி, அறைகளைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். கடைசியில் வாட்ச்மேன் வந்து மெயினை இறக்க வேண்டும். கணினியில் விருந்தாளிகள் என்பவை ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள். பூட்டிச் சாவி கொடுப்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். வாட்ச்மேன் வேலை மதர்போர்டுக்கும் அதிலேயே பதிந்திருக்கும் பயாஸ் நிரலுக்கும். எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று கண்டுபிடிக்காமல் செய்யும் வைத்தியம் எல்லாம் குருட்டு வைத்தியம்தான்.

வாட்ச்மேனிலிருந்தே தொடங்கலாம், கதை அங்கேதான் சுவாரசியம்.

1990-களின் நடுப்பகுதி வரை கணினியின் பவர் பட்டன், வீட்டு மின்விசிறி ஸ்விட்ச் மாதிரி மின்சாரத்தையே துண்டிக்கும் பட்டனாக இருந்தது. விண்டோஸ் 95-ஐ மூடினால், இனிக் கணினியை அணைக்கலாம் என்று ஆரஞ்சு நிற எழுத்தில் ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மனிதர்தான் கையால் அணைக்க வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பு இதை மாற்றியது. அதன் பிறகு பட்டன் அழுத்துவது வெறும் விண்ணப்பம். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் ஒரு பச்சை ஒயர்தான் தீர்ப்பு சொல்கிறது. மதர்போர்டு அந்த ஒயரைத் தரையோடு இழுத்துப் பிடித்திருக்கும்வரை மின்சாரம் ஓடும், விட்டுவிட்டால் நிற்கும். அணைந்த பிறகும் 5 வோல்ட் மட்டும் ஒரு தனி ஒயரில் வந்துகொண்டே இருக்கும். பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் யாரையும் கேட்காமல் மின்சாரம் நிற்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதியே.

பிடியை விடச் சொல்லி மதர்போர்டிடம் யார் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்த ஏபிஎம் முறையில், பயாஸிடம் ‘அணைத்துவிடு’ என்று சொன்னால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புது முறையை வெளியிட்டன. அதில் பொறுப்பு இயங்குதளத்தின் தலைக்கு மாறியது. பயாஸ் தன்னிடமுள்ள அட்டவணைகளை மட்டும் நீட்டும். அவற்றுக்குள் ஒரு குட்டிக் கணினி மொழியில் எழுதப்பட்ட குறிப்புகள் இருக்கும். முழுதாக அணைந்த நிலைக்கு எஸ்5 என்று பெயர். அந்த நிலைக்குப் போக எந்த எண்ணை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதைக் கர்னல் அந்த அட்டவணைகளில் தேடிப் படித்து எழுத வேண்டும். அட்டவணையில் பிழை இருந்தால் கர்னல் சரியாகத்தான் எழுதும், வாட்ச்மேனுக்குத்தான் புரியாது.

பிழைகள் ஏராளம். பெட்டி தயாரித்தவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று, பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கில் சான்றாவணமாக வெளிவந்தது. ஏசிபிஐ-க்காகத் தாங்கள் உழைத்து, லினக்ஸ் சும்மா பலன் பெறுவதா என்று அதில் அவர் குறைப்பட்டிருந்தார். அதை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க வழியுண்டா என்றும் கேட்டிருந்தார். சதி என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. சோதிக்காமல் விட்ட அலட்சியமே லினக்ஸ்காரர்களைப் போதுமான அளவு படுத்தியது.

இதற்கு லினக்ஸ் கண்ட பதில் வேடிக்கையானது. பல பயாஸ்கள், உள்ளே வந்திருக்கும் இயங்குதளம் விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று விசாரித்து, பதிலுக்கேற்ப நடந்துகொள்ளும். ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் இன்றைய கர்னல் இல்லை என்கிறது. ‘நீ விண்டோஸா?’ என்றால் ஆமாம் என்கிறது. விண்டோஸுக்கான பாதைதான் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்ட பாதை என்பதால், பொய் சொல்லிப் பிழைப்பதே உத்தமம் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

இனி விருந்தாளிகள். இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில் இந்த வேலையைச் செய்வது 2010-இல் தோன்றிய சிஸ்டம்டி. அது ஒவ்வொரு சேவைக்கும் முதலில் மரியாதையாக ஒரு சைகை அனுப்பும்: கோப்புகளைச் சேமித்துக்கொண்டு கிளம்பு. கிளம்பாவிட்டால் வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு மறுக்க முடியாத இரண்டாவது சைகையால் வெளியேற்றும். ‘இந்தச் சேவையை நிறுத்தும் வேலை நடக்கிறது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும், பக்கத்தில் ஓடும் விநாடிக் கணக்கும் தெரிந்தால் அடம்பிடிப்பது ஒரு நிரல் என்று அர்த்தம். இந்த இடத்தில் பயாஸைத் திட்டிப் பயனில்லை. பொறுத்திருந்தால் தானே அணையும்.

அடம்பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். வேறொரு கணினியின் கோப்புறையை நெட்வொர்க் வழியாக இணைத்து வைத்திருந்து, வைஃபை முதலில் துண்டிக்கப்பட்டுவிட்டால், இல்லாத இணைப்புக்காகக் கணினி காத்துக் கிடக்கும். ராம் குறைவான பெட்டியில் ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதி ராமுக்குத் துணையாக இருக்கும். அதிலிருப்பதையெல்லாம் திரும்ப எடுக்கப் பழைய டிஸ்க் திணறும்.

ஒன்று மட்டும் கவலைப்பட வேண்டியது. டிஸ்கிடமிருந்து பதிலுக்குக் காத்திருக்கும் நிரலை அந்த இரண்டாவது சைகையாலும் அசைக்க முடியாது. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் நெடுநேரம் தொங்குகிறது, இடையில் கோப்பு திறக்கவும் தாமதமாகிறது என்றால், அணைக்கும் கோளாறை மறந்துவிட்டு முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பதுதான் புத்திசாலித்தனம். டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கலாம்.

யார் தொந்தரவு செய்தது என்பது தெரியாவிட்டால், மறுமுறை கணினியைத் திறந்ததும் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் முந்தைய ஓட்டத்தின் குறிப்பைக் கேட்டு, அதன் கடைசி இருபது முப்பது வரிகளைப் படித்தால் போதும். பெயர் அங்கே இருக்கும். பலரும் செய்வதுபோல 90 விநாடியைப் பத்தாகக் குறைப்பது தீர்வல்ல. சேமித்துக்கொண்டிருக்கும் ஒரு தரவுத்தளத்தைப் பாதியில் வெளியேற்றுவதும் அதே பத்து விநாடிதான்.

விருந்தாளிகள் போய், டிஸ்குகள் பூட்டப்பட்ட பிறகு, கர்னலிடம் ஒரு கடைசி அழைப்பு வைக்கப்படுகிறது. தவறுதலாக யாரும் அணைத்துவிடக்கூடாது என்பதற்காக இந்த அழைப்போடு இரண்டு ரகசிய எண்களைக் கொடுக்க வேண்டும். முதல் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் ‘ஃபீல் டெட்’ என்று படிக்கலாம். இரண்டாவதை அப்படி எழுதினால் 28121969 என்று வரும். அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிறந்தநாள், 1969 டிசம்பர் 28. அதற்குப் பதிலாக ஏற்கப்படும் வேறு மூன்று எண்களும் தேதிகளே: அவருடைய மூன்று மகள்களின் பிறந்தநாள்கள்.

‘பவர் டவுன்’ என்ற வரி வந்தபிறகும் விசிறி நிற்காவிட்டால், கோளாறு இந்த அழைப்புக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கணினிக்காரரின் சொந்தக் கைவேலை. பழைய பெட்டியில் லினக்ஸ் ஏறாமல் முரண்டு பிடிக்கும்போது, யாரோ சொன்னார்கள் என்று ‘ஏசிபிஐ ஆஃப்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து நிறுவியிருப்பார்கள். நிறுவியதும் அது அப்படியே நிலைத்துவிடும். ஏசிபிஐ-யே இல்லாமல் பெரும்பாலான கணினிகளுக்குத் தம்மை அணைத்துக்கொள்ளத் தெரியாது. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியல் தெரியும்போது ‘ஈ’ எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியிலிருந்து அந்த விருப்பத்தை நீக்கி, எஃப்10 அழுத்தி ஓட்டிப் பார்க்கலாம். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் என்பதால் பயமில்லை. சரியாக அணைந்தால் பிறகு நிரந்தரமாக்கிக்கொள்ளலாம்.

2000-ஐ ஒட்டி வந்த பெட்டிகள் வேறு ரகம். அவை ஏபிஎம் காலத்துக்கும் ஏசிபிஐ காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை. பயாஸின் தேதியைப் பார்த்து, மிகப் பழையது என்று ஏசிபிஐ-யைத் தானாகவே ஒதுக்கிவிடும் கர்னல்கள் உண்டு. அங்கே ‘ஏசிபிஐ ஃபோர்ஸ்’ என்று வற்புறுத்தினால் சில பெட்டிகள் பணியும். பணியாதவற்றுக்கு 32-பிட் கர்னலில் பழைய ஏபிஎம் வழியைத் திறந்துவிடலாம். ‘ஹால்ட்’ கட்டளை கொடுத்துவிட்டுக் கணினி அணையவில்லை என்பவர்களுக்கு வைத்தியமே வேண்டாம். சிஸ்டம்டியில் அதன் பொருள் இயக்கத்தை நிறுத்துவது மட்டும்தான், மின்சாரத்தை நிறுத்த ‘பவர்ஆஃப்’ என்று தனியாக இருக்கிறது.

அணைந்த கணினி ஐந்தாறு விநாடியில் தானே உயிர்த்தெழுவது இன்னொரு வகை. நள்ளிரவில் நடந்தால் வீட்டில் பேய்க்கதை கிளம்பும். காரணம் முன்னே சொன்ன அந்த 5 வோல்ட். நெட்வொர்க் கார்டு, கீபோர்டு, மவுஸ் ஆகியவை அதைக்கொண்டு அரைத்தூக்கத்தில் விழித்திருந்து கணினியை எழுப்ப முடியும். நெட்வொர்க் கேபிளையும் யூஎஸ்பி சாதனங்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு அணைத்துப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும். பிறகு பயாஸில் ‘வேக் ஆன் லேன்’ போன்ற வசதியை நிறுத்திவிடலாம். இன்டெலின் டிஎச்77ஈபி, டிஎச்77டிஎஃப் மதர்போர்டுகளில் இப்படி எழுப்பியது யூஎஸ்பி 3 பகுதி. அணைக்கும் தறுவாயில் அந்தத் துளைகளைப் பழைய யூஎஸ்பி 2 பகுதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்படி கர்னலிலேயே எழுதிவைத்துத்தான் அதைத் தூங்கவைத்தார்கள்.

‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் தொங்கும் பெட்டிகளுக்கென்று கர்னலுக்குள் ஒரு தனிப் பட்டியலே உண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 745, 330, 760 என்று மாடல் வாரியாகப் பெயர்களும், எதற்கு எந்த மருந்து என்ற குறிப்பும் அதில் இருக்கின்றன. அந்த மருந்துகளில் ஒன்று, கீபோர்டைக் கவனிக்கும் சில்லிடம் சொல்லி பிராசஸரை மீண்டும் தொடங்கவைப்பது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்து உபாயம் அது. பட்டியல் நீண்டுகொண்டே போனதால், 2011-இல் மாத்யூ காரெட் என்ற கர்னல் நிரலாளர் வேறு வழியில் யோசித்தார். விண்டோஸ் எப்படி ரீஸ்டார்ட் செய்கிறதோ அதே வரிசையில் செய்துவிட்டால் என்ன? ஏசிபிஐ, கீபோர்டு சில்லு, மறுபடி ஏசிபிஐ, மறுபடி கீபோர்டு சில்லு. கதவைத் தட்டிப் பார்த்து, ஜன்னலைத் தட்டிப் பார்த்து, திரும்பவும் கதவுக்கே வருவதுபோல. பல பெட்டிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எதுவும் சரிவரவில்லை என்றால் கணினியை இயக்கியதும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய், அங்கிருந்தபடி பவர் பட்டனை ஒருமுறை அழுத்தலாம். லினக்ஸ் இன்னும் உள்ளே வரவேயில்லை என்பதால், பெரும்பாலான பெட்டிகள் அந்தக் கணமே அணைய வேண்டும். அணையாவிட்டால் பட்டன், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்றில்தான் பழுது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாற்றிப் பார்ப்பது, இணையத்தில் கண்ட விருப்பங்களையெல்லாம் கர்னலுக்கு ஊட்டுவதைவிட மலிவு.

அதுவரை, திரை உறைந்து நிற்கும் நேரங்களில் சுவர் ஸ்விட்சுக்குப் போகுமுன் ஒரு வழி இருக்கிறது. ஆல்ட் விசையோடு ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, ஓ என்ற எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் அழுத்த வேண்டும். எஸ் நினைவிலிருப்பதை டிஸ்கில் எழுதிவிடும், யூ டிஸ்கை எழுத முடியாதபடி பூட்டும், ஓ அணைக்கும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் ஆரம்பத்திலேயே அனுமதி உண்டு.

திடீரென்று மின்சாரம் போனால் ஹார்டு டிஸ்கின் ஊசிமுனை மிச்சமிருக்கும் சுழல் வேகத்தைக்கொண்டு அவசரமாகப் பின்வாங்கி ஒதுங்கும். பல டிஸ்குகள் இதைக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட்சிடிஎல் என்ற நிரலில் டிஸ்கின் உடல்நலக் குறிப்பைத் திறந்து 192 என்று எண்ணிட்ட வரியைப் பார்த்தால், சுவர் ஸ்விட்ச் ஏறக்குறைய எத்தனை முறை தட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். யார் தட்டினார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது.