நின்று நின்று நடந்த வீதிகள்

“எவ்வளவு தூரம் நடந்தால் கால் வலிக்கிறது?” எங்கள் இரத்தநாளப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி இது. “கொஞ்ச தூரம்” என்றோ “தெருமுனை வரை” என்றோதான் பெரும்பாலோர் விடை சொல்வர். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகே குடியிருக்கும் முதிய தையற்கலைஞர் ஒருவரின் விடை வேறாக இருந்தது. அவர் தம் நோயின் வரலாற்றை இடப்பெயர்களாலேயே சொன்னார்.

“நாலு வருசத்துக்கு முன்னாடி புது மண்டபம் போய்ச் சேர்றப்பதான் கெண்டைக்கால் இழுக்கும். மறு வருசம் விட்டவாசல்லயே இழுத்துச்சு. இப்ப விளக்குத்தூணைத் தாண்ட முடியலை, டாக்டர்.”

அவருடைய கடை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரேயுள்ள புது மண்டபத்தில் இருந்தது. அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாறியபோது அவர் தொழிலை விட்டார். ஆயினும் மாலைதோறும் அம்மனை வணங்க அதே வழியில் நடந்து சென்றுவந்தார். வாழ்நாள் முழுதும் நடந்த அந்த வழி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் எங்களிடம் வந்த காலத்தில் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்.

வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. வலி வந்தால் அருகிலுள்ள கடை முன் நின்று, வாங்கப்போவதில்லாத பாத்திரத்திற்கு விலை கேட்பார். வலி தணிந்ததும் நடப்பார். உடன் செல்லும் மகன், தந்தைக்கு வயதாகிவிட்டதால் வேடிக்கை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதென்று எண்ணி, “அப்பா, சீக்கிரம் வாங்க” என்று முன்னால் நடந்துவிடுவாராம்.

செருமானிய மொழியில் இந்நோய்க்கு ‘கடைச் சன்னல் நோய்’ என்றே வழக்குப் பெயர் உண்டு. அங்கும் நோயாளிகள் வலியை மறைக்கக் கடைகளின் கண்ணாடிச் சன்னல்களைப் பார்ப்பதுபோல நிற்பர். நாடு எதுவாயினும் நின்றுவிடுவதில் மனிதருக்கு ஒரு நாணம் இருக்கிறது.

எங்கள் தவறு

இதில் எங்கள் பிழையும் உண்டு. அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே அவருடைய சீட்டில், ‘நாள்தோறும் 45 நிமிடம் நடக்கவும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கே நடக்கிறீர்கள், எவ்விடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நடக்க முடியாதவர் அந்த வரியைத் தம்மீது சாட்டப்பட்ட குற்றமாகவே படித்திருக்கிறார்.

காலுக்குச் செல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, ஓய்வாக இருக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் கிடைத்துவிடுகிறது. நடக்கும் தசைக்குக் கிடைப்பதில்லை. அதனால் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சில நிமிடங்கள் நின்றாலே வலி நீங்கிவிடும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதாலும் நடக்கும்போது கால் வலிக்கலாம். ஆனால் அவ்வலி வெறுமனே நின்றால் எளிதில் போகாது. உட்காரவோ முன்புறம் குனியவோ வேண்டியிருக்கும். ஆகவேதான் நின்றதும் என்ன ஆகிறது என்று நாங்கள் துருவிக் கேட்கிறோம்.

கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு என்று கொள்கிறோம். இவருக்கு 0.62 இருந்தது. நீரிழிவால் சிலருக்குத் தமனிகள் விறைத்து இந்த எண் தவறாக உயர்ந்து காட்டும் என்பதால், ஸ்கேன் செய்தும் உறுதிப்படுத்தினோம்.

புகையிலையை அறவே விடுதல், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்தத் தட்டுகள் ஒட்டாமல் காக்கும் மாத்திரை, நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை இந்நோய்க்கு அடிப்படை மருத்துவம். இவற்றோடு ஒரு நடைப்பயிற்சியும் உண்டு. வலி நடுத்தரமாக வரும்வரை நடக்க வேண்டும். முற்றிலும் தணியும்வரை நிற்க வேண்டும். மீண்டும் நடக்க வேண்டும். இவ்வாறு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் குறைந்தது 3 நாள், குறைந்தது 12 வாரம் செய்தல் வேண்டும். இங்கே நிற்பது தோல்வியன்று. பயிற்சியின் ஒரு பாதியே அதுதான்.

நடப்பவர்க்கான நகரம்

மருத்துவமனை நடைக்கூடத்தில் நடக்க அவர் இசையவில்லை. “சுவத்தைப் பாத்துக்கிட்டு நடக்கணுமா?” என்றார். அவர் இழந்த வழியிலேயே அவரை நடக்கவைப்பதென்று முடிவு செய்தோம்.

பழைய மதுரை அதற்கு ஏற்ற நகரம். கோயிலின் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள். பின்னர் மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். சதுரத்திற்குள் சதுரமாக அமைந்த இவ்வீதிகள், தமிழ் மாதங்களின் பெயரையும் திருவிழாக்களின் நினைவையும் தாங்கியவை. பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை இடித்து, 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பெரிய கோட்டை எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அக்கோட்டையும் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. கோட்டைச் சுவர் இருந்த எல்லையே இன்றைய வெளி வீதிகள்.

கால்நடையாக வருவோரையும் தேரையும் எண்ணி அமைந்த வீதிகள் இவை. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. களைத்தால் உள்வீதிக்குத் திரும்பிவிடலாம். மண்டபங்களும் நிழலும் இடைக்கிடையே உண்டு. வாகனங்கள் அனுமதிக்கப்படாத சித்திரை வீதிகளை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் ஆகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்கு மகால் வாயிலில் கூடினோம். எங்களில் இருவர், இயன்முறை மருத்துவர் ஒருவர், அவர், அவருடைய மனைவி, மகன். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்திராவிட்டால் இதுவும் மிஞ்சியிராது. அருகே துணிக்கடைகள் நெருங்கிய சந்தில் நிற்கும் பத்துத் தூண்களும் அந்த அரண்மனையின் எச்சமே.

விளக்குத்தூணை நெருங்கியதும் அவர் நடை தளர்ந்தது. பழக்கத்தால் கண்கள் ஒரு கடையைத் தேடின. அந்த நேரத்தில் கடைகள் திறந்திருக்கவில்லை. “நில்லுங்கள். காரணம் எதுவும் வேண்டாம்” என்றோம். நின்றார். அந்தத் தூண் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்டது என்பதை அப்போது பேசிக்கொண்டோம். கோட்டையை இடித்தவரின் நினைவுத்தூணைக் கடந்து, கோட்டையில் எஞ்சியதை நோக்கி நடக்கிறோம் என்று மகன் சொல்லிச் சிரித்தார். மூன்று நிமிடத்தில் வலி தணிந்தது. நடந்தோம்.

விட்டவாசலை அடையுமுன் மேலும் இருமுறை நின்றார். அம்மன் சன்னதித் தெருவில் உள்ள இந்த வாசல் பாண்டியர் கோட்டையின் கீழைவாயில். மற்றவற்றை இடித்து இதை மட்டும் விட்டதால் விட்டவாசல். அதன் நிழலில் நான்காம் முறையாக நின்றபோது, “எல்லாரையும் நிக்க வைக்கிறேன்” என்று அவர் தலைகுனிந்தார். அதுவரை பேசாதிருந்த அவருடைய மனைவி சொன்னார்:

“சாமியே மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னுதானே போகுது. அழகரு மலையிலருந்து ஆத்துக்கு வர்றதுக்குள்ள எத்தனை எடத்துல நிக்கிறாரு! அவரை யாராச்சும் சீக்கிரம் வாங்கன்னு சொல்றோமா?”

உண்மைதான். அழகர்கோயிலிலிருந்து வைகைக்கு வரும் கள்ளழகர் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கியே வருகிறார். எங்கள் விளக்கங்கள் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அதன்பின் அவர் நிற்கும் இடங்களுக்கு எங்கள் பதிவேட்டிலும் ‘மண்டகப்படி’ என்றே பெயர். முதல் நாளில் மகாலிலிருந்து புது மண்டபம் வரை ஆறு மண்டகப்படிகள்.

நாங்கள் சொல்லத் தவறியது

நான்காம் வாரத்தில் நான்கு மண்டகப்படிகளாயின. அந்த மகிழ்ச்சியில் அவர் ஒருநாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தனியாகக் கோயிலுக்குச் சென்றார். சித்திரை வெயிலில் காய்ந்த கல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்திருக்கிறார். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதம் சூட்டை அறிவிக்கவில்லை. இரவில் படுக்கை விரிப்பில் ஈரக்கறை கண்ட மனைவிதான் பெருவிரலின் கீழ் இருந்த கொப்புளத்தைக் கண்டார். மறுநாட்காலை எங்களிடம் அழைத்து வந்தார்.

இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு புண்ணும் சிறிதன்று. ஆறாவிட்டால் அடைப்பை நீக்கும் சிகிச்சை வேண்டியிருக்கும். அதுவும் பயனளிக்காவிட்டால் விரலையே எடுக்க நேரலாம் என்று அவரிடம் மறைக்காமல் சொன்னோம். ஐந்து வாரம் நடை நின்றது. புண் ஆறியது. அது நல்வாய்ப்பு, அந்த அம்மையார் ஒரு வாரம் கழித்து அதைக் கண்டிருந்தால் இக்கட்டுரையை வேறுவிதமாக எழுதியிருப்போம்.

ஆகவே இதனைப் படிக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். நீரிழிவு உள்ளவரின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் இரவுதோறும் விளக்கொளியில் பாருங்கள். காலணி கழற்ற வேண்டிய இடங்களுக்குக் கல் சூடேறுமுன் அதிகாலையில் அழைத்துச் செல்லுங்கள். கோயிலில் அனுமதி இருந்தால் பருத்திக் காலுறை அணிவியுங்கள். வீதிகளில் விரல்களை மூடிய, இறுகாத காலணியுடனே நடக்கட்டும். நடக்கும்போது முன்னால் செல்லாதீர்கள், உடன் செல்லுங்கள்.

நடையின்போது நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். படுத்திருக்கும்போது பாதம் வலித்து, காலைத் தொங்கவிட்டால் தணிகிறதா? புண் ஆறாதிருக்கிறதா? விரல் கறுக்கிறதா? இவை நடைப்பயிற்சிக்குரிய நிலையல்ல. விரைந்து காட்ட வேண்டிய நிலை. ஒரு கால் திடீரென வெளுத்து, குளிர்ந்து, மரத்து, வலித்தால் அது அவசர நிலை. ஒவ்வொரு மணிநேரமும் காலின் விலை. மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். இப்பயிற்சியைத் தொடங்குமுன் இதயமும் பாதமும் அதற்கு ஏற்ற நிலையில் உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்கலாம்?

மதுரையில் இருப்போர் சித்திரை வீதிகளில் தொடங்கலாம். ஒரு பக்கத்தை நடந்து திரும்புவதே முதல் வாரத்திற்குப் போதும். நான்கு திசைக் கோபுரங்களும் நின்று பார்ப்பதற்குரியவை. அவற்றுள் உயர்ந்தது தெற்குக் கோபுரம். கால் பழகியபின் கிழக்கே புது மண்டபத்தைக் கடந்து, முற்றுப்பெறாமல் அடிப்பகுதியோடு நின்றுவிட்ட இராயகோபுரத்தைப் பார்த்து வரலாம்.

இன்னும் நடக்க இயன்றவர்க்கு மேல மாசி வீதி. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரையாடை பூண்ட வீடு அங்கே உள்ளது. அதே வீதியில் உள்ள மதன கோபால சுவாமி கோயிலின் பழைய மண்டபத் தூண்கள் கடல் கடந்து சென்று, அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. வேற்றூரில் வாழ்வோர் தம் ஊரின் பழைய தெருவைத் தேர்ந்துகொள்ளலாம். நிழலும், உட்கார ஒரு திண்ணையும், நின்று பார்க்க ஏதேனும் ஒன்றும் இருந்தால் போதும்.

புண் ஆறியபின் தையற்கலைஞர் மீண்டும் தொடங்கினார். நடந்த வாரங்களை மட்டும் கூட்டிப் பன்னிரண்டு நிறைந்தபோது அவரை மறுபடி சோதித்தோம். கணுக்கால் விகிதம் 0.64, ஏறக்குறைய பழைய எண்ணே. அடைப்பு கரைந்துவிடவில்லை, இப்பயிற்சி அதைக் கரைப்பதற்கானதும் அன்று. கிடைக்கும் இரத்தத்தைத் தசை திறம்படப் பயன்படுத்தப் பழகியிருக்கிறது. மகாலிலிருந்து புது மண்டபம் வரை இப்போது இரண்டே மண்டகப்படிகள். மாலை வழிபாட்டிற்கு மீண்டும் செல்கிறார், கல் ஆறியபின்.

சென்ற மாதம் வந்தபோது ஒரு செய்தி சொன்னார். விளக்குத்தூணருகே ஒரு பாத்திரக் கடை முன் தம் வயதொத்த ஒருவர் நெடுநேரம் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தாராம். இவர் அருகே சென்று, “கெண்டைக்கால் இழுக்குதா?” என்று கேட்டிருக்கிறார். மறுவாரம் அந்த மனிதரை அவரே எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார்.