சீனத்துக் கஷாயமும் மேனாட்டு மாத்திரையும்

"இலைதானே, என்ன செய்துவிடும்?" என்பார் எங்கள் பாட்டி. சர்க்கரை வியாதிக்கான மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த கஷாயத்தை ஆறு மாதம் குடித்தார். பிறகு இரத்தத்தைப் பரிசோதித்தபோது சிறுநீரகம் முன்னைவிடத் தளர்ந்திருந்தது. அப்போதுதான் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

சீனர்கள் பண்டைக் காலத்தில் நீரிழிவுக்கு இட்ட பெயர் 'சியாவோ கெ'. உடலை உருக்கும் தாகம் என்பது பொருள். பெயரிலேயே நோயின் குணம் தெரிகிறதல்லவா?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை கழிவை வெளியேற்றிப் புரதத்தை உள்ளே நிறுத்திக்கொள்கின்றன. மிகுந்த சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் நீடித்தால் அவை பழுதடைந்து, ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. வலி இராது, சிறுநீரைப் பரிசோதித்தால்தான் தெரியும்.

லோசார்டன் மாத்திரை வடிகட்டிகளினுள் அழுத்தத்தைக் குறைத்து நோயை மெதுவாக்குகிறது என்பது 2001இல் நிரூபிக்கப்பட்டது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கானாகிளிஃப்ளோசினும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 2019இல் தெரிந்தது. இந்த மருந்தின் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின்! மூலிகைக்கும் மாத்திரைக்கும் இடையே நாம் நினைக்குமளவு தூரமில்லை போலும்.

சீனாவில் 1950களிலிருந்தே இருமுறை மருத்துவத்தையும் இணைக்க அரசு முயன்று வருகிறது. அங்கு சிறுநீரக நோய்க்கு மிகுதியாக வழங்கும் மூலிகை 'ஹுவாங் சி' என்னும் வேர். பட்டாணிக் குடும்பத்துச் செடி. ஹாங்காங்கில் 118 நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தனர். அனைவரும் வழக்கமான மாத்திரைகளை உட்கொண்டனர்; ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக இந்த வேரின் மருந்து 48 வாரங்கள் தரப்பட்டது. அவர்களுடைய சிறுநீரகம் தளரும் வேகம் குறைந்திருந்தது. நோயாளிகள் சிலரே, போலி மருந்து கொடுத்து ஒப்பிடவுமில்லை. ஆகையால் இதனை நல்ல அறிகுறி எனலாம், முடிவு எனலாகாது. மாத்திரையை ஒருவரும் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூலிகையால் கேடும் வரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய விரும்பிய பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மருந்து தரப்பட்டது. பெயர் ஒற்றுமையால் ஒரு வேருக்குப் பதில் வேறொரு வேர் அதில் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையிலும் அந்த அமிலம் உண்டு. ஆடு அறிந்ததை நாம் அறியவில்லை!

பாட்டி இப்போது எந்தப் பொடி வாங்கினாலும் பொட்டலத்தோடு மருத்துவரிடம் காட்டிவிடுகிறார். மாத்திரைகளும் தவறுவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு மட்டும் இன்னும் முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறார்.